பாலம் இல்லாத போரைக் காட்டும் படமா இடைக்காலத்தின் தலைசிறந்த படம்?

சுவடிக்காரன்:
"இடைக்காலத்தைப் பிரேவ்ஹார்ட் அளவுக்கு உண்மையாகத் திரையில் காட்டிய படம் வேறு எதுவும் இல்லை" என்று குதிரைவீரன் நேற்று வேறோர் இழையில் எழுதியிருக்கிறார். மெல் கிப்சன் 1995-ல் எடுத்த, ஸ்காட்லாந்துத் தலைவன் வில்லியம் வாலஸின் கதை அது. விறுவிறுப்பாக என்று எழுதியிருந்தால் பேசாமல் கடந்துபோயிருப்பேன். உண்மையாகவாம்! வாலஸ் ஆங்கிலேயரை வென்ற ஸ்டர்லிங் பாலப்போர் 1297 செப்டம்பர் 11 அன்று ஃபோர்த் ஆற்றங்கரையில் நடந்தது. படத்தில் இருப்பது பரந்த புல்வெளி. ஆறும் இல்லை, பாலமும் இல்லை. பாலத்தை எங்கே ஒளித்துவைத்தார்கள் என்று அவரே வந்து சொல்லட்டும்.

குதிரைவீரன்:
வந்துவிட்டேன். ஐந்து ஆஸ்கர் விருதுகள் பெற்ற படம், அவற்றில் சிறந்த படத்துக்கானதும் ஒன்று. நீங்கள் பாலத்தைத் தேடிக்கொண்டிருங்கள். குதிரைப்படை பாய்ந்து வரும்போது வாலஸ் தன் ஆட்களைப் பொறுத்திருக்கச் சொல்லி, கடைசி நொடியில் தரையில் கிடந்த நீண்ட மரக்கழிகளைத் தூக்கிப் பிடிக்க வைக்கும் காட்சி ஒன்று போதும். அந்தக் காலத்துக் காலாட்படையின் அச்சமும் துணிச்சலும் அதில் இருக்கின்றன. ஒரு பாலத்தைக் கட்டிக் காட்டியிருந்தால் இதைவிட என்ன கிடைத்திருக்கும்?

சுவடிக்காரன்:
என்ன கிடைத்திருக்கும் என்றா கேட்கிறீர்கள்? போரே கிடைத்திருக்கும். இரண்டு குதிரைவீரர்கள் மட்டுமே பக்கம் பக்கமாகப் போகக்கூடிய குறுகிய மரப்பாலம் அது. கடந்து வந்தால் இரு பக்கமும் சதுப்பு நிலம். பலர் ஒன்றாகக் கடக்கக்கூடிய இடம் ஒன்று ஆற்றில் இருக்கிறது, குதிரைகளோடு அங்கே போய் எதிரியின் பின்னால் வருகிறேன் என்று ஆங்கிலப் படையில் இருந்த ரிச்சர்ட் லண்டி என்ற வீரர் யோசனை சொன்னார். வீண் தாமதம், மன்னரின் பணம் கரைகிறது என்று ஆங்கில மன்னரின் பொருளாளர் கிரெஸ்ஸிங்காம் மறுத்துவிட்டார். படை பாலத்தில் ஏறியது. வாலஸும் அவரோடு படை நடத்திய ஆண்ட்ரூ மோரேயும் மேட்டில் நின்று, ஒரு பகுதி கடக்கும்வரை காத்திருந்து, பாலத்தின் முகப்பை அடைத்தார்கள். கடந்தவர்களால் திரும்ப முடியவில்லை, அக்கரையில் நின்றவர்களால் உதவிக்கு வர முடியவில்லை. கிரெஸ்ஸிங்காம் அங்கேயே செத்தார்.

சிறிய படை பெரிய படையை எப்படி வென்றது என்ற கேள்விக்கு அந்தப் பாலம்தான் விடை. அதை எடுத்துவிட்டால், முகத்தில் நீலச்சாயம் பூசிக்கொண்டு உரக்கக் கத்தியவர்கள் வென்றார்கள் என்றுதான் கதை ஆகும். மோரேயும் படத்தில் இல்லை. பாதி வெற்றிக்கு உரியவர், அந்தப் போரில் பட்ட காயத்தால் இறந்தவர்.

கறுப்புவெள்ளை:
நீங்கள் இருவரும் 1995-ஐத் தாண்டி வரவே மாட்டீர்களா? ட்ரையர் 1928-ல் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படத்தை விட்டுவிட்டு இடைக்காலம் பற்றிப் பேசுவதே வீண். ஜோனுக்கு மரண தண்டனை கொடுத்த 1431 விசாரணையின் பதிவேட்டிலிருந்து எடுத்த கேள்விகள், பதில்கள். ஒப்பனை இல்லாத முகங்கள், நீதிபதிகளின் மருக்கள்கூடத் தெரியும் அண்மைக்காட்சிகள். ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் தலைமுடியை உண்மையாகவே வெட்டி எடுக்கிறார்கள், முடிக்கற்றைகளைத் தரையிலிருந்து ஒருவர் பெருக்கி எடுக்கிறார். போரே காட்டாமல் ஒரு காலத்தின் கொடுமையைக் காட்டிய படம்.

தூரதேசி:
ஒரு கேள்வி. இடைக்காலம் என்று எந்த நூற்றாண்டு முதல் எதுவரை கணக்கு வைக்கிறோம்? குரோசாவாவின் ஏழு சாமுராய் ஜப்பானில் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடக்கிறது. அது இதில் சேருமா?

குதிரைவீரன்:
கறுப்புவெள்ளை அவர்களே, ஊமைப்படம் பார்ப்பவர்களுக்குத்தான் ரசனை உண்டு என்ற உங்கள் பேச்சைப் போன ஆண்டே கேட்டு அலுத்துவிட்டோம்.

சுவடிக்காரருக்கு: திரைப்படம் வரலாற்றுப் பாடப்புத்தகம் இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் குருட்டு ஹாரி பாடிய வாலஸ் காவியம்தான் இந்தக் கதைக்கு மூலம். காவியத்தில் கற்பனை இருக்கத்தான் செய்யும்.

சுவடிக்காரன்:
"உண்மையாக" என்று எழுதியது நீங்கள். மாட்டிக்கொண்டதும் காவியம் என்கிறீர்கள். காவியம் என்றே வைத்துக்கொள்வோம், பாலம் எங்கே?

நீங்கள் கொண்டாடும் அந்த மரக்கழிக் காட்சிக்கு வருவோம். நீண்ட ஈட்டிகளை வட்டமாக நட்டு நின்று குதிரைப்படையைத் தடுத்தது மறு ஆண்டு, 1298-ல், ஃபால்கிர்க்கில். அங்கே குதிரைகளால் அந்த வட்டங்களை உடைக்க முடியவில்லை. வில்லாளிகளைக் கொண்டுவந்து அம்பு மழையால் உடைத்தார்கள். இந்தப் போரின் உத்தியைத் தூக்கி அந்தப் போரில் வைத்துவிட்டு, அந்தப் போரின் பாலத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தியர் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் உடுத்தத் தொடங்கிய, இடுப்பில் கட்டும் மடிப்புத்துணியை 13-ஆம் நூற்றாண்டில் உடுத்தித் திரிகிறார்கள். வாலஸ் கொல்லப்பட்ட 1305-ல், படத்தில் இளவரசியாக வரும் இசபெல்லாவுக்குப் பத்து வயது இருக்கும், அவள் இங்கிலாந்துக்கு வந்ததே 1308-ல். அவளோடு வாலஸுக்குக் காதல்! இவ்வளவையும் நான் பொறுத்துக்கொள்வேன். பாலத்தை மட்டும் பொறுக்க முடியாது.

அனிச்சம்:
இவ்வளவு பேசுகிறீர்களே, சிலுவைப்போர்க் காலத்து ஜெருசலேமைக் காட்டும் ரிட்லி ஸ்காட்டின் கிங்டம் ஆஃப் ஹெவன் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. 2005-ல் அரங்குகளில் வந்த வெட்டப்பட்ட வடிவத்தைச் சொல்லவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் இயக்குநர் வடிவத்தைச் சொல்கிறேன். ஜெருசலேம் அரசி சிபில்லாவின் மகன் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அந்தக் குழந்தையின் கதை இல்லாவிட்டால் அவள் ஏன் அப்படி உடைந்துபோகிறாள் என்றே புரியாது. ஜெருசலேம் முற்றுகையைப் பாருங்கள், மதிலின் ஓர் இடம் இடிந்து, அந்த இடைவெளியில் இரு தரப்பும் நெரிந்து நிற்பதை மேலிருந்து காட்டுவார்கள். முற்றுகையிடும் முஸ்லிம் சுல்தான் சலாதீன் இவ்வளவு கண்ணியத்தோடு வரும் மேற்கத்தியப் படம் வேறு எது?

குதிரைவீரன்:
அனிச்சம் சொல்வது நல்ல படம், ஆனால் பிரேவ்ஹார்ட்டுக்கு ஈடாகாது. சுவடிக்காரருக்குப் பிடித்த படங்கள் மட்டும் சத்தியத்தின் மறுஉருவமா? ரஷ்ய ஓவியர் ரூப்ளேவைப் பற்றித் தார்க்கோவ்ஸ்கி எடுத்த ஆந்த்ரேய் ரூப்ளேவைத் தலையில் வைத்து ஆடுகிறவர் அவர். ரூப்ளேவின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்தது சில வரிகள். மணி வார்க்கும் அந்தப் பையன் முழுக்கக் கற்பனை. தார்க்கோவ்ஸ்கிக்கு ஒரு நீதி, கிப்சனுக்கு ஒரு நீதியா?

சுவடிக்காரன்:
ஏடுகள் மௌனமாக இருக்கும் இடத்தில் கலைஞன் கற்பனை செய்வது வேறு, ஏடுகள் உரக்கச் சொல்வதை அழிப்பது வேறு. ரூப்ளேவைப் பற்றி ஏதும் இல்லாத வெற்றிடத்தில்தான் தார்க்கோவ்ஸ்கி மணியை வார்த்தார். எப்படி வார்த்தார் என்று பாருங்கள்: சரியான களிமண்ணைத் தேடி அந்தப் பையன் அலைகிறான், மழையில் சறுக்கி விழுந்த சரிவிலேயே அது கிடைக்கிறது. குழி தோண்டுகிறார்கள், அச்சு செய்கிறார்கள், உலைகளைத் திறந்து உலோகத்தை ஓடவிடுகிறார்கள். மணி ஒலிக்குமா என்று இளவரசன் முதல் கூலியாள் வரை நின்று பார்க்கிறார்கள், ஒலிக்காவிட்டால் பையனின் தலை போகும். ஒலித்த பிறகு அவன் சேற்றில் விழுந்து அழுகிறான், அப்பா தனக்கு ரகசியத்தைச் சொல்லித் தரவே இல்லை என்று. 15-ஆம் நூற்றாண்டில் ஒரு தொழில் கைமாறியதன் பயங்கரம் முழுவதும் அதில் இருக்கிறது. பெயர் தெரியாத ஒருவனுக்காக அவர்கள் ஒரு மணியையே வார்த்துக் காட்டினார்கள். பெயர் தெரிந்த போருக்கு உங்கள் ஆட்களால் நாலு பலகை அடிக்க முடியவில்லை.

குதிரைவீரன்:
அதே படத்தில் விளாதிமிர் நகரம் சூறையாடப்படும் காட்சியில் ஒரு குதிரை படிக்கட்டிலிருந்து விழுமே, அதைப் பற்றி ஏன் எழுதவில்லை? உயிருள்ள குதிரையைச் சுட்டு, படியிலிருந்து விழவைத்துப் படமெடுத்தார்கள். கிப்சன் குதிரைப் பாய்ச்சலுக்கு இயந்திரக் குதிரைகளைச் செய்து பயன்படுத்தினார். பாலத்துக்கு அழுகிற கண்கள் குதிரைக்கு அழவில்லையே!

கறுப்புவெள்ளை:
அது இறைச்சிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த குதிரை, எப்படியும் கொல்லப்படவிருந்தது. தார்க்கோவ்ஸ்கியே சொன்ன விளக்கம் இது.

அனிச்சம்:
எப்படியும் சாகப்போகிறது என்பதால் படியிலிருந்து தள்ளலாமா? இந்த விளக்கத்தைக் கேட்கவே கூசுகிறது. அந்த ஒரு காட்சிக்காகவே நான் ரூப்ளேவை இரண்டாம் முறை பார்க்க மறுத்தவள்.

கறுப்புவெள்ளை:
மறுத்தீர்கள், சரி. முழுதாகப் பார்க்காத படத்தைப் பற்றி இங்கே தீர்ப்பு எழுத வேண்டாம்.

அனிச்சம்:
முதல் முறை முழுதாகத்தான் பார்த்தேன். படிக்காமல் பதில் எழுதும் வழக்கத்தை நீங்கள் இன்னும் விடவில்லை.

தூரதேசி:
ஏழு சாமுராய் பற்றிக் கேட்டிருந்தேன்.

குதிரைவீரன்:
சுவடிக்காரருக்கு இன்னொன்று. ஐசன்ஸ்டைனின் அலெக்சாண்டர் நெவ்ஸ்கியை எத்தனை முறை புகழ்ந்திருக்கிறீர்கள்? ரஷ்யர்களுக்கும் ஜெர்மானிய டியூட்டானிய வீரர்களுக்கும் 1242-ல் உறைந்த பெய்புஸ் ஏரியில் நடந்த போர். கோடைக்காலத்தில் செயற்கைப் பனியைப் பரப்பி எடுத்தது. பனி உடைந்து டியூட்டானிய வீரர்கள் கூட்டம் கூட்டமாக மூழ்கும் காட்சிக்கு வரலாற்று ஆதாரம் மெலிது. போதாததற்கு 1938-ல் ஜெர்மனிக்கு எதிராக எடுத்த பிரச்சாரம். அது உங்களுக்கு மகாகாவியம்!

சுவடிக்காரன்:
ஏரியாவது இருந்ததே ஐயா! பொய்ப் பனியாக இருந்தாலும் பனி என்று ஒன்றைப் போட்டார் ஐசன்ஸ்டைன். ஏரிப்போரில் ஏரி வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிரச்சாரம் என்கிறீர்கள், புரோகோஃபியேவின் இசையோடு அந்தத் தாக்குதல் தொடங்குவதைப் பாருங்கள்: வெறும் அடிவானம், அதில் ஒரு கருங்கோடு, அது மெல்லப் பெரிதாகிறது. காத்திருப்பவன் கண்ணால் போரைப் பார்க்க வைத்தார். ஸ்டர்லிங்கில் மேட்டில் நின்ற வாலஸும் அப்படித்தான் பாலத்தைப் பார்த்திருப்பான். ஒருவர் ஏறுகிறார், இருவர் ஏறுகிறார்கள், இன்னும் தாக்காதே, இன்னும் தாக்காதே. எவ்வளவு பெரிய காட்சி அது! கையில் கிடைத்ததைப் புல்வெளிக்காகத் தூக்கி எறிந்தார்கள் என்பதுதான் என் ஆத்திரம். இது உங்களுக்கு ஏன் உறைக்கவே மாட்டேன் என்கிறது?

குதிரைவீரன்:
உறைக்காது. கிப்சனின் படத்தைப் பார்த்துத்தான் வாலஸ் என்ற பெயரையே உலகம் அறிந்தது. உங்கள் லண்டியையும் கிரெஸ்ஸிங்காமையும் இந்த இழைக்கு வெளியே எவருக்குத் தெரியும்?

சுவடிக்காரன்:
எவருக்கும் தெரியாததற்குக் காரணமே அந்தப் படம்தான். பாலத்தோடு அவர்களையும் சேர்த்து அழித்துவிட்டது. அனிச்சத்துக்கும் ஒரு வார்த்தை: உங்கள் படத்தின் நாயகன் பேலியன் பிரான்சில் கொல்லனாக இருந்தவர் இல்லை. இபெலின் குடும்பத்துப் பிரபு, ஜெருசலேம் நாட்டிலேயே வேரூன்றியவர், முன்னாள் அரசி மரியா கொம்னேனாவை மணந்தவர். சிபில்லாவோடு காதல் என்பது கட்டுக்கதை.

அனிச்சம்:
என்னிடம் ஏன் பாய்கிறீர்கள்? கிங்டம் ஆஃப் ஹெவன் உண்மைக்கதை என்று நான் எங்கே எழுதினேன்? 1187-ல் பேலியன் நகரத்தை ஒப்படைத்தது, மீட்புப்பணம் கொடுத்து மக்கள் வெளியேற சலாதீன் விட்டது, இந்த அடிப்படை படத்தில் மாறவில்லை. எல்லார் படத்திலும் குறை தேடும் நீங்கள், ரூப்ளேவின் குதிரைக்கு மட்டும் இதுவரை ஒரு வரி பதில் எழுதவில்லை.

சுவடிக்காரன்:
குதிரையை வைத்துத் திசைதிருப்ப வேண்டாம். பேலியன் கொல்லனா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.