எல்ஐசி பத்திரத்தின் மேல் கடன்: ஜூன் 14-க்குள் கைக்கு வருமா?

கொருக்குப்பேட்டை கேட்:
எல்ஐசி எண்டோவ்மெண்ட் பாலிசி, காப்புத் தொகை 3 லட்சம், 20 வருஷம். 9 வருஷ பிரீமியம் கட்டியாச்சு. முதல் 5 வருஷம் மணலி கம்பெனியில் சம்பளப் பிடித்தம், அப்புறம் நேரடியாகக் கட்டுறது. காசிமேட்டில் தம்பி விசைப்படகுக்கு எஞ்சின் வேலை, வலை எல்லாம் சேர்த்து 1 லட்சம் வேணும். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடியுது, அதுக்குள்ள. எவ்வளவு கிடைக்கும்? மிண்ட் பக்கம் ஒருத்தர் பத்திரத்தை வாங்கி வச்சுக்கிட்டு மூணு வட்டிக்கு உடனே தரேங்கிறார். எது தேவலை?

பழைய கேஷ் கவுண்டர்:
கட்டின பணத்தை வச்சு கடன் தரமாட்டாங்க, சரண்டர் மதிப்பை (பாலிசியை இன்னிக்கே முடிச்சா கையில் வர்ற தொகை) வச்சுத்தான். நடப்பில் இருக்கிற பாலிசிக்கு அதில் 90% வரை, பிரீமியம் நின்னு பெய்ட்-அப் (கட்டின அளவுக்கு மட்டும் நிக்கிற பாலிசி) ஆயிருந்தா வழக்கமா 80-85% வரை. உங்க பத்திரத்தோட நிபந்தனைப் பக்கத்தில் எது போட்டிருக்கோ அதுதான் செல்லும்.

உத்தேசக் கணக்கு: 3,00,000-ஐ 20-ல் வகுத்து 9-ஆல் பெருக்கினா பெய்ட்-அப் மதிப்பு 1,35,000. சேர்ந்த போனஸ் 1,10,000-ன்னு வச்சுக்குவோம். மொத்தம் 2,45,000. இதை அப்படியே தரமாட்டாங்க, ஒரு காரணியால் பெருக்குவாங்க. முதிர்வு நெருங்க நெருங்க அந்தக் காரணி ஏறும். 45%-ன்னு எடுத்தா சரண்டர் மதிப்பு 1,10,250, அதில் 90% 99,225. ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் இடிக்குது. போனஸும் காரணியும் நான் வச்சுக்கிட்ட எண்கள், அதனால கிளையில் பாலிசி நம்பரைச் சொல்லி கொட்டேஷன் வாங்குங்க. அதுக்கப்புறம் மெக்கானிக்கிட்ட வாக்கு கொடுங்க.

போக வேண்டியது உங்க பாலிசி இருக்கிற கிளைக்கு. பிரீமியம் ரசீதில் கிளை எண் இருக்கும். கையில் எடுத்துட்டுப் போக வேண்டியது: அசல் பத்திரம், கடன் விண்ணப்பப் படிவம் 5196 (அங்கேயே கிடைக்கும்), ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப், ஆதார், பான் நகல், பேர் அச்சடிச்ச கேன்சல் செக் இல்லைன்னா பாஸ்புக் முதல் பக்கம். தமிழில் கையெழுத்துப் போடுறவங்களுக்கு 'படித்துக் காட்டி விளக்கினேன்'னு சாட்சி எழுதித் தரணும். அந்த இடத்தைக் காலியா விட்டுத்தான் பாதிப் படிவம் திரும்பி வருது. பணம் பாலிசிதாரர் கணக்குக்கு நெஃப்டில் மட்டும்தான் போகும். தம்பி கணக்கைக் கொடுத்தா நடக்காது.

அடுத்த இடைஞ்சல் இனிஷியல். பத்திரத்தில் வெறும் இனிஷியல், வங்கியில் அப்பா பேர் முழுசா, ஆதாரில் இனிஷியல் பின்னாடி. நம்ம ஊர்ல இது இல்லாத வீடு எது? முதல்லயே மூணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

எண்ணூர் ஷிஃப்ட்:
சம்பளப் பிடித்தம்னு சொன்னீங்களே, தாமதம் ஆனா அங்கதான் ஆகும். கம்பெனி உங்க சம்பளத்தில் பிடிச்சிருக்கும், ஆனா ஏதோ ஒண்ணு ரெண்டு மாசம் எல்ஐசி கணக்கில் ஏறியிருக்காது. இதுக்கு 'கேப்' னு பேரு. வேலை மாறுற மாசத்திலும், பிடித்தப் பட்டியலில் பாலிசி நம்பர் ஒரு எண் தப்பிப் போனாலும் வரும். கொட்டேஷன் கேட்கும்போதே "கேப் இருக்கா"ன்னு கேளுங்க. இருந்தா அந்த மாசத்து சம்பளச் சீட்டோ கம்பெனி சான்றோ காட்டலாம். அதைத் தேடிக்கிட்டு இருக்க நேரமில்லைன்னா அந்தத் தவணையைத் தாமதக் கட்டணத்தோட கட்டிட்டு நகருங்க. ரெண்டு மாச பிரீமியத்துக்காக ஒரு லட்சத்தை நிறுத்தி வைக்கிறது புத்திசாலித்தனம் இல்லை.

பத்திரம் கையில் இருக்குதானே? தொலைஞ்சிருந்தா நகல் பத்திரம் வாங்கணும், பின்னால இழப்பு வந்தா நான் பொறுப்புன்னு ஈட்டுறுதிப் பத்திரம் எழுதணும், ஜூன் 14 தாண்டிடும்.

வட்டிக்கணக்கு:
மேல சொன்னது சரி, ஆனா எத்தனை மாசத்துக்குன்னு யாரும் கேட்கலையே. பாலிசி கடனுக்குக் குறைஞ்சபட்சம் 6 மாச வட்டி. ரெண்டு மாசத்தில் அடைச்சாலும் ஆறு மாசத்துக்குத்தான் பிடிப்பாங்க (நடுவுல முதிர்வோ மரணமோ வந்தா மட்டும் அந்தத் தேதி வரைக்கும்). வட்டி 9%-ன்னு வச்சா 1 லட்சத்துக்கு 4,500. அதே 9%-க்கு வங்கியில் நகை வச்சு ரெண்டு மாசத்தில் மீட்டா 1,500. படகு கடலுக்குப் போன உடனே அடைக்கிற பணம்னா நகைக் கடனைப் பாருங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இழுக்கும்னா பாலிசி.

மூணு வட்டின்னா மாசத்துக்கு நூத்துக்கு மூணு, வருஷத்துக்கு 36%. ரெண்டு மாசத்துக்கே 6,000. தவிர, பத்திரத்தைச் சும்மா கையில் கொடுக்கிறதால அந்த மிண்ட் ஆளுக்கு எந்த உரிமையும் வராது. காப்பீட்டுச் சட்டம் 38-ம் பிரிவின்படி பாலிசியை அவர் பேருக்கு எழுதி மாற்றி, எல்ஐசியில் பதிஞ்சாத்தான் வரும். அது அவருக்கும் தெரியும், அதனாலதான் நிரப்பாத படிவத்தில் கையெழுத்து கேட்பாங்க. அதை மட்டும் போட்டுடாதீங்க.

கொருக்குப்பேட்டை கேட்:
நகை ஏற்கனவே கூட்டுறவு வங்கியில் இருக்கு. பாலிசிதான். வட்டி பிரீமியத்தோட சேர்ந்து வருமா? ஒரு தடவை விட்டா என்ன ஆகும்? நாமினி என் மனைவி, அது மாறுமா?

பழைய கேஷ் கவுண்டர்:
சேர்ந்து வராது. ரெண்டும் தனித்தனி. ஏஜெண்ட் பிரீமியத்தை வாங்கிட்டுப் போனார், வட்டியும் அதுலயே போயிருக்கும்னு நினைக்கிறவங்கதான் அதிகம். வட்டி அரையாண்டுக்கு ஒரு தடவை. கடன் வாங்கின தேதியிலிருந்து ஆறு மாசம் எண்ணாதீங்க. பாலிசி ஆண்டு நாளும் அதுக்கு ஆறு மாசம் முந்தின நாளும்தான் கெடு. பாலிசி ஆகஸ்டில் தொடங்கியிருந்தா ஜூனில் வாங்கின கடனுக்கு ஆகஸ்டிலேயே முதல் வட்டி. எல்ஐசி இணையதளத்தில் நேரடியாகவே கட்டலாம்.

விட்டா அது அசலில் சேர்ந்து குட்டி போடும். 9%-ல் அஞ்சு வருஷம் ஒண்ணுமே கட்டாம விட்டா 1 லட்சம் 1,55,297 ஆகும். பிரீமியம் ஓடிக்கிட்டே இருந்தா சரண்டர் மதிப்பும் கூடவே ஏறும், பெரிசா பயம் இல்லை, முதிர்வில் கழிச்சுக்குவாங்க. பிரீமியத்தையும் சேர்த்து நிறுத்துறதுதான் ஆபத்து. மதிப்பு ஏறுறது மந்தமாகும், கடன் அதைத் தாண்டும். நோட்டீஸ் விட்டு பாலிசியை முடிச்சுடுவாங்க, கையில் ஒண்ணும் வராது. ஒரு தடவைக்கு ஒண்ணுதான் முடியும்னா பிரீமியத்தை முதல்ல கட்டுங்க.

நாமினி மாறாது. எல்ஐசிக்கு எழுதிக் கொடுத்து வாங்குற கடன் நியமனத்தை ரத்து செய்யாதுன்னு காப்பீட்டுச் சட்டம் 39-ம் பிரிவிலேயே இருக்கு. ஏதாவது ஆனா கடன், வட்டி போக மிச்சம் அவங்களுக்கு.

எண்ணூர் ஷிஃப்ட்:
ஒண்ணு விட்டுப்போச்சு. கடன் தேதிக்கு முன்னாடி வர்ற பிரீமியத்தைக் கட்டிட்டு ரசீதோட போங்க. அடைச்சு முடிச்சதும் அசல் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, கடன் தீர்ந்த குறிப்பு போட்டிருக்கான்னு கவுண்டரிலேயே பாருங்க.