சோர்ன் தட்டு: நாலு வர்ணத்தில் நம்ம ஆட்களின் முகநிறம் வருமா?

ஹட்டன்_தூரிகை:
வெள்ளை, ஓக்கர் மஞ்சள் (மண்மஞ்சள்), சிவப்பு, கறுப்பு என நாலே வர்ணங்களைக் கலக்கும் சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) முறையில், கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரின் முகத்தை எண்ணெய் வர்ணத்தில் வரைகிறேன். கன்னத்தில் வெள்ளை சேர்த்ததும் சாம்பல் பூத்துவிடுகிறது. நீலம் வாங்க வேண்டுமா அண்ணா?

பதுளை_வர்ணம்:
வேண்டாம் தம்பி. ஐவரி பிளாக் என்ற அந்தக் கறுப்பில் வெள்ளை கலந்தாலே நீலச்சாயல் தெரியும். உங்கள் சாம்பலுக்கும் அதுதான் காரணம். ஓக்கர் மஞ்சள் 2 பங்கு, சிவப்பு 1 பங்கு எடுத்து, கறுப்பைக் கத்தி நுனியால் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்து இருட்டாக்குங்கள். வெளிச்சம் படும் இடத்துக்கு முதலில் ஓக்கரைக் கூட்டுங்கள், பிறகுதான் வெள்ளை. சோர்னிடம் இருந்தது ஈயவெள்ளையும் வெர்மிலியன் என்ற சிவப்பும். இப்போது அந்தச் சிவப்புக்குப் பதில் காட்மியம் ரெட் லைட் போதும். ஈயவெள்ளைக்குப் பதில் எடுக்கும் டைட்டானியம் வெள்ளைக்கு மறைக்கும் வலு அதிகம், அதனால் அளவைப் பாதியாக்குங்கள். சேலையின் பச்சைக்குக் கறுப்பும் ஓக்கரும், மங்கலான அழகான பச்சை!

நுவரெலியா_கித்தான்:
இன்னொன்று: ஐவரி பிளாக் மெதுவாகவே காயும், நம்ம பக்கத்துப் பனியில் இன்னும் தாமதம். நிழல்களை மெல்லிசாகப் பூசுங்கள். தடித்த கறுப்பு காயாமல் மேலே பூசினால் பின்னால் வெடிப்பு விழும். சோர்ன் 1896இல் மாடலுடன் வரைந்த தன்னுருவப்படத்தைப் பாருங்க, கையிலுள்ள தட்டில் அந்த நாலு வர்ணமும் தெரியும்.