ஷட் டவுன் செய்த பிறகும் கம்ப்யூட்டரில் 'டட்டட்' சத்தம், உதவுங்கள்

செல்லூர்வாசி:
வணக்கம். வீட்டில் எட்டு வருடப் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. பத்து நாளாக அதிலிருந்து 'டட்டட்... டட்டட்... டர்ர்ர்' என்று ஒரு சத்தம். இரண்டு மூன்று நொடி வரும், நின்றுவிடும். முதலில் பக்கத்து வீட்டுத் தறி என்று நினைத்தேன். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு அங்கே தறி ஓடாது.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடைக்கு கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) போய்விட்டது என்று 1,400 ரூபாய்க்கு வேறு மாட்டிக் கொடுத்தார்கள். கடையில் இரண்டு நாள் ஓடவிட்டும் சத்தமே இல்லையாம். வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே மறுபடி டட்டட். நேற்று ஷட் டவுன் செய்துவிட்டுப் படுத்தேன், அப்போதும் வந்தது! அம்மா பாண்டி கோயில் எலுமிச்சம்பழத்தைக் கேபினட் மேல் வைத்துவிட்டார்.

பழைய பிரஷ்:
ஃபேன்தான். செல்லூர் என்றால் பஞ்சு பறக்குமே, பிளேடில் சுற்றியிருக்கும். திறந்து சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாமல் ஒரு பென்சிலைக் குறுக்கே கொடுத்துக்கொள்ளுங்கள்.

கீழவாசல்காரன்:
ஹார்ட் டிஸ்க் சாகப்போகும் சத்தம் மாதிரித் தெரிகிறது. ஆராய்ச்சி எல்லாம் அப்புறம். முதலில் போட்டோக்களை வேறு டிரைவில் ஏற்றுங்கள்.

செல்லூர்வாசி:
அணைத்த பிறகும் வருகிறதே அண்ணே, டிஸ்க்கும் ஃபேனும் அப்போது சுற்றாதே?

திருநகர் ரேடியோ:
அதுதான் துப்பு, தம்பி. அதைக் கேட்காமல் எஸ்எம்பிஎஸ் மாற்றியது தண்டச் செலவு. நீங்கள் கடைக்கு கேபினட்டை மட்டும்தானே கொண்டுபோனீர்கள்? ஸ்பீக்கருக்குத் தனி பிளக்கா? அதன் பக்கத்தில் யாருடைய பட்டன் போனாவது இருக்கிறதா?

செல்லூர்வாசி:
ஆமாம், 2.1 ஸ்பீக்கர், தனி பிளக். அதன் சுவிட்சை அணைப்பதே இல்லை. அம்மாவின் பட்டன் போன் ஸ்பீக்கர் மேலேயேதான் சார்ஜில் கிடக்கும். முன்பு ஃபிரிட்ஜ் பக்கம் போடுவார். அந்த பிளக் பாயின்ட் லூசாகிவிட்டது என்று இங்கே மாற்றி... யோசித்தால் பத்து நாள்தான் ஆகிறது!

திருநகர் ரேடியோ:
ஆள் அகப்பட்டுவிட்டான். அம்மா போன் 2ஜி. அதில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் வரை பங்கிட்டுக்கொள்வார்கள். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீரை முறை வைத்து விடுகிற மாதிரி ஒவ்வொரு போனுக்கும் ஒரு முறை. தன் முறை வரும்போது மட்டும் போன் அலையை வீசும், மற்ற நேரம் வாயை மூடிக்கொள்ளும். ஒரு சுற்று 4.6 மில்லி நொடி, அதாவது நொடிக்கு 217 தடவை. இந்த வேகம் நம் காதுக்கு எட்டுகிற அளவு. ஸ்பீக்கர் வயர் ஆன்டெனா போல அதைப் பிடிக்க, உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் 'டர்ர்' என்று கத்துகிறது. கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ராத்திரி யாரும் கூப்பிடாவிட்டாலும் போன் அவ்வப்போது டவருக்கு 'இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்லியாக வேண்டும். அந்த ஒரு மணிச் சத்தம் அதுதான். சிக்னல் குறைந்த மூலை என்றால் போன் இன்னும் பலமாக வீசும், 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2 வாட் வரைக்கும். சோதிக்க வேண்டுமா? போனை ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டு அங்கிட்டுப் போய் நின்று கூப்பிட்டுப் பாருங்கள்.

செல்லூர்வாசி:
பார்த்தேன் அண்ணே. மணி அடிக்கும் முன்னாலேயே ஸ்பீக்கர் கதறிவிட்டது! ஒரு முழம் தள்ளினேன், மெலிந்தது. ஜன்னலோரம் வைத்தேன், சத்தமே இல்லை. நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். எலுமிச்சம்பழத்தால்தான் நின்றது என்று அம்மா சாதிக்கிறார். கேபினட்டையும் திறந்தேன், ஃபேனில் தலையணைக்குத் திணிக்கிற அளவு பஞ்சு.

பழைய பிரஷ்:
சொன்னேன்ல.

கீழவாசல்காரன்:
எட்டு வருட டிஸ்க். போட்டோக்களை நகல் எடுத்தீர்களா, இல்லையா?

செல்லூர்வாசி:
ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன் அண்ணே.