பழுது என்று எண்ணி ஏமாந்த தருணங்கள்: இதய உடற்கூறியல் அனுபவங்கள்

முதலாண்டு மருத்துவ மாணவராக இருந்தவர்:
தானமாகக் கிடைத்த உடலொன்றின் இதயத்தைத் திறந்தபோது, வலது மேலறையின் உட்சுவரில், கட்டைவிரல் பதிந்தது போல ஆழமில்லாத ஒரு குழியைக் கண்டேன். ஃபாசா ஓவாலிஸ் (இரு மேலறைகளையும் பிரிக்கும் சுவரிலுள்ள நீள்வட்டக் குழி) என்று பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் ஆசிரியர் முனை மழுங்கிய மெல்லிய கம்பியொன்றைத் தந்து, குழியின் மேல்விளிம்புக்கு அடியில் சாய்வாக நுழைத்துப் பார்க்கச் சொன்னார். கம்பி தடையின்றி நுழைந்து இடது மேலறையில் தலைகாட்டியது. இதயத்தின் வலப்பக்க ரத்தமும் இடப்பக்க ரத்தமும் கலப்பதில்லை என்று பள்ளியிலிருந்தே படித்து வந்த எனக்கு, சுவரைக் கிழித்துவிட்டேன் என்றே தோன்றியது.

ஆசிரியர் சிரித்துவிட்டு, கருவிலிருக்கும் இதயத்தைப் படமாக வரைந்து காட்டினார். கருவின் நுரையீரல் காற்றை இழுப்பதில்லை ஆதலால், நஞ்சுக்கொடியில் ஆக்சிஜன் பெற்று வரும் ரத்தத்தில் பெரும்பங்கு, நுரையீரல் வழியாகப் போகாமல், வலது மேலறையிலிருந்து நேரே இடது மேலறைக்குப் பாய்கிறது. அதற்கு வழிவிடும் வகையில் இரண்டு தடுப்புகள் அடுத்தடுத்து வளர்கின்றன: முதலாவது மெல்லியது, இரண்டாவது தடித்தது, இரண்டிலுமே இடைவெளி உண்டு. மெல்லிய தடுப்பு இடப்பக்கமாக மட்டுமே திறக்கும் கதவாகிறது. குழந்தை பிறந்து மூச்சிழுத்ததும், நுரையீரலிலிருந்து திரும்பும் ரத்தம் பெருகி இடது மேலறையின் அழுத்தம் உயர்வதால், அந்தக் கதவு தடித்த தடுப்பின்மீது அழுந்தி மூடிக்கொள்கிறது. பிறகு மெல்ல ஒட்டிப்போகிறது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முழுவதும் ஒட்டுவதில்லை. என் கைக்கு வந்தது அத்தகைய இதயம்.

எக்கோ பரிசோதனை செய்பவர்:
உங்கள் கம்பி போன வழிக்கு அருகிலேயே நானும் ஏமாந்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில், வலது மேலறைக்குள் கீழ்ப்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் நூல் போன்ற ஒன்று ஒவ்வொரு துடிப்புக்கும் அசைவதைக் கண்டு, ரத்தக்கட்டி என்று பதறி மூத்தவரை அழைத்தேன். அது யூஸ்டேக்கியன் வால்வு. கருவில், கீழிருந்து வரும் ரத்தத்தை அந்தக் கதவை நோக்கித் திருப்பிவிட்ட மடிப்பு. வேலை முடிந்த பின்னும் பலரிடம் சிறிதாகவும், சிலரிடம் நீண்டும் எஞ்சியிருக்கிறது. எதனோடு ஒட்டியிருக்கிறது என்பதை வெவ்வேறு கோணங்களில் பார்த்த பிறகே இப்போது நான் வாய் திறக்கிறேன்.

திசுவியல் கற்பிப்பவர்:
என்னிடம் மாணவர்கள் கொண்டுவரும் 'பழுது' வேறு. கீழறைச் சுவரின் ஸ்லைடில், உட்படலத்துக்குச் சற்றுக் கீழே, மற்ற தசைச்செல்களைவிடப் பருத்து, நடுவில் வெளிறிக் கிடக்கும் செல்களைக் காட்டி, இவை சிதைந்தவையா என்று கேட்பார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படிக் கேட்டவன்தான். அவை மின்தூண்டலை விரைந்து கடத்தும் பர்கின்ஜி இழைகள். சுருங்கும் நுண்ணிழைகள் குறைந்து ஓரத்துக்கு ஒதுங்க, நடுவில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரைப் பொருள் நிறைந்திருப்பதால் வழக்கமான சாயத்தில் வெளிறித் தெரிகின்றன. முதன்முறை பார்ப்பவர்கள் ஆட்டின் இதய ஸ்லைடிலிருந்து தொடங்குவது நல்லது; மனித இதயத்தில் இவ்வேறுபாடு அவ்வளவு எடுப்பாகத் தெரியாது.