ஆலன் வரைபடம் இருக்கும்போது எலி மூளையை மறுபடி ஏன் வெட்ட வேண்டும்?

சாட்ஸ்வர்த் வாசகர்:
டர்பனில் முதுகலை படிக்கும் என் மகள், எலி மூளையைப் பகுதி பகுதியாக வெட்டி, எந்தப் பகுதியில் எந்த மரபணு வெளிப்படுகிறது என்று அளக்கிறாள். ஆய்வுக்கூடத்தில் உயிர்கள் வீணாகின்றன என்பதே என் வருத்தம். சியாட்டிலின் ஆலன் நிறுவனம் 2006-இலேயே சுண்டெலி மூளையில் ஏறத்தாழ 20,000 மரபணுக்களின் வரைபடத்தை முடித்து, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. இன்னும் என்ன பாக்கி?

பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆய்வாளர்:
பாக்கி நிறைய இருக்கிறது, ஐயா. அந்த வரைபடம் காட்டுவது, மரபணுவின் செய்தியைப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோகும் நகலான தூது ஆர்.என்.ஏ-வை, புரதத்தை அல்ல. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உள்ளிழுக்கும் கடத்திப் புரதத்தைப் பாருங்கள். அதன் ஆர்.என்.ஏ நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் இருக்கிறது. புரதமோ நீண்ட நரம்பிழை வழியே பயணப்பட்டு, முன்மூளையில் உள்ள ஸ்ட்ரையேட்டத்தில் குவிகிறது. வரைபடத்தை மட்டும் நம்பினால் ஸ்ட்ரையேட்டத்தைக் கோட்டைவிட்டுவிடுவீர்கள். தவிர, வரைபடத்தில் இருப்பவை ஒரே இனத்தைச் சேர்ந்த 56 நாள் ஆண் சுண்டெலிகள். பெண் எலி எங்கே? கிழ எலி எங்கே?

புரத வடிவங்கள் இன்னொரு சிக்கல். இன்னொரு செய்தி வேதிப்பொருளான குளூட்டமேட்டை ஏற்கும் ஆம்பா ஏற்பி என்ற புரதத்துக்கு ‘ஃபிளிப்’, ‘ஃபிளாப்’ என்று இரு வடிவங்கள் உண்டு என்பது 1990-இல் எலி மூளையில் தெரியவந்தது. மரபணு ஒன்றுதான், 38 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு மட்டும் மாறுகிறது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதிக்குள்ளேயே சி.ஏ.3 பகுதியில் ஃபிளிப் ஓங்கி நிற்கிறது. பிறந்த பிறகுதான் ஃபிளாப் பெருகுகிறது. மூளை முழுவதையும் அரைத்து அளந்தால் இந்த வேறுபாடு கலந்து மறைந்துவிடும்.

கேப் டவுன் ஆசிரியர்:
வெட்டுவது சரி, எலியைத் தேர்ந்தெடுத்ததுதான் தவறு என்கிறேன். ஆல்சைமர் நோயில் சிக்கலாகும் டௌ புரதத்தை எடுங்கள். வளர்ந்த மனித மூளையில் அதற்கு 6 வடிவங்கள்; ஒரே மாதிரித் துண்டு மூன்று முறை திரும்ப வருபவையும் நான்கு முறை வருபவையும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கின்றன. வளர்ந்த சுண்டெலியிலோ கிட்டத்தட்ட நான்கு முறை வருபவை மட்டுமே. அங்கே எந்தப் பகுதியை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் நம் தாத்தா பாட்டியின் மறதிக்கு விடை வராது.

பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆய்வாளர்:
டௌ விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. அதனால்தான் மனித டௌ மரபணுவைப் புகுத்திய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். ஆனால் எலியை எலிக்காகவே ஆராயக்கூடாதா? உங்கள் கேப் பகுதித் தோட்டங்களில் மண்ணைக் குவித்துப் போடும் மோல் எலி தனித்து வாழ்வது. கிழக்கு ஆப்பிரிக்காவின் முடியற்ற மோல் எலியோ பெருங்கூட்டமாக வாழ்வது. 2010-இல் வெளியான ஒப்பீட்டில், நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதியில் கூட்டு எலிக்கு, உறவுப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் ஹார்மோனின் ஏற்பி மிகுதியாகவும், தனி எலிக்கு மிகக் குறைவாகவும் காணப்பட்டது. பகுதி பகுதியாகப் பார்க்காமல் இதை எப்படிக் கண்டிருப்பார்கள்?

சாட்ஸ்வர்த் வாசகர்:
அப்படியென்றாலும் வரைபடத்தைப் பார்க்காமல் கத்தியை எடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆய்வாளர்:
நானும் ஏற்கமாட்டேன், ஐயா. முதலில் வரைபடத்தில் பகுதியைத் தேர்ந்துகொள்ளட்டும். பிறகு ஒரே எலியின் இடப்பாதியில் ஆர்.என்.ஏ-வையும் வலப்பாதியில் புரதத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எலிகளின் எண்ணிக்கையும் குறையும்.