மின்னஞ்சல் அனுப்புநர் முகவரியால் பட்ட பாடு: உங்கள் அனுபவம்?

சாட்ஸ்வொர்த்வாசி:
கோயில் மடல் பட்டியல்தான். செயலாளருக்குத் தன் ஜிமெயில் முகவரியிலிருந்தே போகவேண்டும் என்று பிடிவாதம், "சனங்களுக்கு என் பேர்தானே தெரியும்?" மொத்தமாக மடல் அனுப்பும் ஒரு மேகச் சேவையில் (கிளவுட்) அதைச் சரிபார்த்து, பச்சைக் குறியும் வந்தது. தைப்பூசத்தன்று வாசலில் ஒரு ஆன்ட்டி, தலையில் பால்குடம். "ஏன்பா, விரதம் எப்போ ஆரம்பம்னு ஒரு வார்த்தை சொல்லலையே?" பேத்தி அங்கேயே ஃபோனைத் திறந்தாள். ஸ்பாமில் எங்கள் மூன்று மடல்களும் வரிசையாக. ஆன்ட்டி குடத்தை இறக்கவும் முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேப்டவுன்காரன்:
பச்சைக் குறிக்கு அர்த்தம் அந்தப் பெட்டி உங்களுடையது என்பது மட்டும்தான். ஜிமெயில் பெயரில் வெளிச்சேவை போடும் கையெழுத்து டிமார்க் சோதனையில், அதாவது மடல் அந்தப் பெயருக்கு உரியவரிடமிருந்துதான் வந்ததா என்று பார்ப்பதில், பொருந்தாது. 2024 பிப்ரவரியை ஒட்டி கூகுளே எச்சரித்ததாயிற்றே! எனக்கு வேறு கதை. அமேசானின் மடல் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ்ஸில் அயர்லாந்து சர்வர் பகுதியிலிருந்து கேப் டவுன் பகுதிக்கு மாறினோம். தீபாவளிக்கு முந்தின இரவு எல்லா மடலும் 'முகவரி சரிபார்க்கப்படவில்லை' என்று நின்றுவிட்டது. பகுதிக்குப் பகுதி தனியாகச் சரிபார்க்க வேண்டுமாம்.

பீனிக்ஸ் மாமா:
தம்பிகளா, தனி முகவரியே வேண்டாம். சங்கத்துக்கு ஒரு டொமைன் (சொந்த இணையப் பெயர்) வாங்குங்கள். அதைச் சரிபார்த்துவிட்டால் செயலாளர், பொருளாளர் என்று அதன்கீழ் எந்தப் பெயரிலும் அனுப்பலாம். டொமைன் பதிவேட்டில் சேர்க்க வேண்டியவை: மடலில் கையெழுத்திடும் டிகேஐஎம்முக்கு மூன்று சிநேம் (CNAME) பதிவு, யார் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், அப்புறம் டிமார்க். எஸ்இஎஸ்ஸில் முதலில் சோதனைக் கட்டத்தில்தான் விடுவார்கள்: 24 மணி நேரத்துக்கு 200 மடல், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கே. திருவிழாவுக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள். பதில் வேண்டாமென்றால் 'நோரிப்ளை' என்று வைத்துவிடுங்கள், தொல்லையில்லை. என் கதையா? ஒன்றுமில்லை, எல்லாம் ஒழுங்காகவே போகிறது.

மாரிட்ஸ்பர்க் மலர்:
மாமா, மற்றதெல்லாம் சரி, அந்த நோரிப்ளை யோசனை மட்டும் வேண்டாம். எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர் இறந்த செய்தியை அதில்தான் அனுப்பினார்கள். அந்தப் பெயரில் பெட்டியே கிடையாது. இரங்கல் எழுதியவர்களுக்கெல்லாம் மடல் திரும்பி வந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் மகன் கேட்டார்: "அப்பாவைப் பத்தி யாருமே ஒரு வரி எழுதலையா?"

பீனிக்ஸ் மாமா:
அது முகவரியின் குற்றமில்லையம்மா. பதில் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் ரிப்ளை-டூவில் மகன் முகவரியைப் போட்டிருக்க வேண்டும்.

மாரிட்ஸ்பர்க் மலர்:
போட்டிருக்க வேண்டும்தான் மாமா. அவரிடம் போய் அதையா சொல்வது?