முதல் ஸ்னோ அன்று உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?

பேஸ்மென்ட்வாசி · நவம்பர் 6

எல்லாருக்கும் வணக்கம். மே மாதம் மதுரையிலிருந்து கனடாவில் பிராம்ப்டன் வந்தோம், இதுதான் எங்களுக்கு முதல் குளிர்காலம். பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. அம்மா விசிட்டர் விசாவில் வந்து மூன்று வாரம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் யார் சொன்னார்களோ, முதல் ஸ்னோ விழும் அன்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒரு வழக்கம் உண்டு என்று கேட்டுவிட்டு வந்து, "நம்ம வீட்டில் என்ன?" என்று இரண்டு பேரும் உயிரை எடுக்கிறார்கள். நம் வீட்டில் என்ன இருக்கும்? மார்கழி பிறந்தால் பரணிலிருந்து மங்கி குல்லா இறங்கும், அதோடு சரி. "பனியில் நிற்காதே, சளி பிடிக்கும்" என்பதைத் தவிர பனியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை. அம்மா இப்போதும் அதையேதான் சொல்கிறார்.

நேற்று ராத்திரி பெண் பைஜாமாவை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கு அடியில் ஒரு கரண்டியையும் வைத்துப் படுத்தாள். அப்படிச் செய்தால் ஸ்னோ கொட்டி பள்ளிக்கு லீவு விடுவார்களாம். காலையில் பார்த்தால் சுள்ளென்று வெயில், ஒரே அழுகை. அது அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த ரசக் கரண்டி என்பதும், அதைத் தேடி வீடே இரண்டுபட்டது என்பதும் தனிக் கதை.

நாங்கள் இருப்பது பேஸ்மென்ட். ஜன்னல் வெளித்தரையோடு தரையாக இருக்கும். பின்பக்கம் ஐந்து படி ஏறினால் ஓனருடைய தோட்டம், பிள்ளைகள் விளையாடிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். அம்மாவுக்கு மூட்டு வலி, ரொம்ப நேரம் வெளியே நிற்க முடியாது. பெரிய செலவில்லாமல், வருஷா வருஷம் செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன். அப்புறம் ஒரு சந்தேகம்: நாலு துகள் பறந்தாலே முதல் ஸ்னோவா, இல்லை தரை வெளுக்க வேண்டுமா? பையன் இதில் கறாராக இருக்கிறான்.

பழையடயர் · நவம்பர் 6

ஆட்டவாவிலிருந்து எழுதுகிறேன். பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. கனடா வானிலைத் துறை 0.2 சென்டிமீட்டராவது விழுந்தால்தான் அளவாக எழுதும், அதற்குக் கீழே என்றால் சும்மா கொஞ்சம் விழுந்தது என்று ஒரு குறியோடு விட்டுவிடும். எங்கள் வீட்டுச் சட்டம் வேறு: கார்க் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதினால் படிக்க வர வேண்டும். மகள் பெயர் இரண்டு எழுத்து, மகன் பெயர் ஆறு எழுத்து. போன வருஷம் அவள் எழுதி முடித்துவிட்டாள், இவன் நாலாவது எழுத்துக்கு வரும்போது கண்ணாடி உருகி ஒழுக ஆரம்பித்துவிட்டது, அதனால் அது செல்லாது என்று இன்றுவரை வழக்கு நடக்கிறது.

முதல் வேலை கையுறைப் பெட்டியைக் கூடத்தில் கொட்டி ஜோடி சேர்ப்பது. ஒற்றைகள்தான் அதிகம் கிடைக்கும். பூட்ஸ் போட்டுப் பார்த்து, கடிக்கிறதை அடுத்தவருக்குக் கொடுப்பது. இதையே நாங்கள் பாட்டுப் போட்டு ஒரு விழா மாதிரி செய்கிறோம், பிள்ளைகளுக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. காருக்கு வின்டர் டயர் இன்னும் மாற்றவில்லை என்றால் இப்போதே நேரம் வாங்குங்கள். 7 டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண டயர் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையும், ஸ்னோவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆற்றைத் தாண்டி கியூபெக் போனால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டமே. இங்கே கட்டாயமில்லை என்று நான் முதல் வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஸ்னோ விழுந்த மறுநாள் ஒரு கடைக்குப் போன் போட்டேன். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

கியூபெக் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே நவம்பர் 25, புனித கேத்தரின் நாள், மொலாசஸ் பாகு காய்ச்சி இழுத்து மிட்டாய் செய்வார்கள். 1658இல் மாண்ட்ரியாலில் ஒரு பழைய மாட்டுத் தொழுவத்தில் முதல் பள்ளிக்கூடம் தொடங்கிய மார்கரெட் பூர்ஷுவா, பிள்ளைகளை வரவழைக்க இந்த மிட்டாயைக் கொடுத்தார் என்று கதை சொல்கிறார்கள். இன்னொன்று, மேப்பிள் பாகைச் சுடச்சுட ஸ்னோ மேலே கோடு கோடாக ஊற்றி, இறுகுமுன் குச்சியில் சுற்றிச் சாப்பிடுவது. உண்மையில் மார்ச் மாதத்து விஷயம், மரத்தில் சாறு இறக்கும் காலத்தில் செய்வது. முதல் ஸ்னோவுக்குச் செய்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். கிட்டத்தட்ட 115 டிகிரி வர வேண்டும் என்று தெர்மாமீட்டர் எல்லாம் வாங்கினேன். ஊரிலிருந்து வந்த என் மாமியார் ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, "உருட்டுப் பதம், இறக்கு" என்றார். தெர்மாமீட்டரும் அதையேதான் சொன்னது. உங்கள் அம்மாவுக்கும் இது கை வந்த கலையாக இருக்குமே.

ஒரு விஷயம் மட்டும். விழ ஆரம்பித்ததும் பிள்ளைகள் நாக்கை நீட்டத்தான் செய்வார்கள், ஆனால் கிண்ணம் கிண்ணமாக அள்ளித் தின்ன விடாதீர்கள். முதலில் விழுகிறது காற்றில் இருக்கும் தூசி புகையை எல்லாம் வாரிக்கொண்டு வரும். ஒரு மணி நேரம் கொட்டட்டும், அப்புறம் சுத்தமான தாம்பாளத்தை வெளியே வைத்துப் பிடியுங்கள். மஞ்சளாக இருக்கும் ஸ்னோ பக்கம் போகவே கூடாது என்று பெண்ணுக்குச் சொல்லிவையுங்கள். ஏன் என்று கேட்டால், நாய் என்று ஒரு வார்த்தை போதும்.

எட்மண்டன் · நவம்பர் 6

இங்கே அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஏப்ரல் வரை போகாது. எங்கள் வீட்டு வழக்கம்: ஒரு பெருமூச்சு.

கூழ்ப்பானை · நவம்பர் 7

தங்கச்சி, நாங்கள் ஸ்காபரோவில் 1992இலிருந்து இருக்கிறோம். எங்கள் வீட்டில் முதல் ஸ்னோ என்றால் ஒடியல் கூழ், காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் என் பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது தனித்தனி வீட்டில் இருந்துகொண்டு, வெளியே நாலு பூ விழுந்ததும் "அம்மா, பானை வைத்தாச்சா?" என்று மெசேஜ் போடுகிறார்கள்.

திட்டம் போட்டு வந்த வழக்கம் இல்லை. வந்த முதல் வருஷம், ஒரு அறை அப்பார்ட்மென்டில் ஆறு பேர். இவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. ஸ்னோ கொட்டி பஸ் வராமல், சாதாரணக் கன்வஸ் சப்பாத்தோடு நடந்தே வந்தார். அன்றைக்கு என் மாமி கையில் இருந்த ஒடியல் மாவைப் போட்டுக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார், தற்செயல்தான், வேறு சாமான் இல்லை. குசினி ஜன்னல் முழுக்க ஆவி. மூத்தவன் அதில் விரலால் வீடு கீறிக்கொண்டிருக்கிறான். இவர் வந்து கால் இரண்டையும் சுடுதண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் மூன்று சிரட்டை குடித்தார். அடுத்த வருஷம் ஸ்னோ விழுந்ததும் அவராகவே மீன் வாங்கி வந்தார். அவ்வளவுதான் கதை.

செய்முறை கேட்பீர்கள். ஒடியல் மாவை ஒரு மணி நேரம் முன்பே தண்ணீரில் ஊற வைத்து, மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். பெரிய பானையில் கொஞ்சம் அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு அவிய விட்டு, நண்டு, இறால், மீன் (தலை கட்டாயம்) போட்டு, செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டைப் பழப்புளியோடு கரைத்துவிட்டு, கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவ வேண்டும். முருங்கை இலை கிடைத்தால் ஒரு பிடி. தடிப்பாக வர வேண்டும், ஆனால் குடிக்கவும் வர வேண்டும். ஊரில் பலா இலையைக் கோலி ஈர்க்கு குத்திக் குடிப்போம். இங்கே சிரட்டை. உறைப்பில் மூக்கு ஒழுகாவிட்டால் அது கூழே இல்லை. நீங்கள் மதுரை ஆட்கள், ஒடியல் பழக்கமிராது, ஆனால் ஒரு பானையும் ஆவி பிடித்த ஜன்னலும் போதும் என்றுதான் சொல்ல வந்தேன். அம்மாவுக்குக் கட்டாயம் ரப்பர் அடியுள்ள பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். படி வழுக்கும்.

ஒஸ்லோக்காரி · நவம்பர் 8

அக்கா கூழைப் பற்றி எழுதினதைப் படித்து இரவு பதினொரு மணிக்குப் பசிக்கிறது.

இங்கே நோர்வேயில் பிள்ளைகள் பனி விளக்கு கட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு பனி உருண்டைகளை வட்டமாக அடுக்கி, மேலே மேலே வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போய், உள்ளே ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக் கடைசி உருண்டையால் மூடுவது. இடுக்கு வழியாக வெளிச்சம் வரும், உருண்டைகளே மஞ்சளாக ஒளிரும். டிசம்பரில் எங்களுக்கு மூன்றேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், அதனால் பள்ளி விட்டு வந்ததும் கொளுத்தலாம். முதல் ஸ்னோ விழுகிற நேரமும் கார்த்திகை விளக்கீடும் பெரும்பாலும் அருகருகே வரும் என்பதால் எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் வளவு முழுக்கப் பந்தம் நடுவோம், இங்கே வாசலில் மூன்று பனி விளக்கு.

முதல் வருஷம் பக்தி முற்றி அம்மா அனுப்பிய மண் சிட்டி விளக்குகளை வைத்தேன். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரவில் உறைந்து இரண்டு வெடித்துப் போயின. தேங்காய் எண்ணெயோ கேட்கவே வேண்டாம், கல். தகரக் கிண்ணத்து மெழுகுதிரிதான் சரி. ஸ்னோவிலும் பதம் இருக்கிறது: பூச்சியம் டிகிரி பக்கத்தில் விழுகிறது ஈரமாக இருக்கும், உருண்டை பிடிக்க வரும். மைனஸ் பத்தில் விழுகிறது கோதுமை மா மாதிரி, கையில் நிற்காது. முதல் ஸ்னோ பெரும்பாலும் ஈரமானதுதான், அதிர்ஷ்டம்.

சுவோன்மருமகள் · நவம்பர் 9

நான் கொரியாவில், சுவோன் நகரத்தில். கொஞ்சம் தாமதமாகச் சொல்கிறேன், அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் காசித்தும்பை இங்கே வீட்டு வாசலில் எல்லாம் பூக்கும். கோடையில் பூவையும் இலையையும் படிகாரத்தோடு இடித்து நகத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு படுப்பார்கள், அச்சு அசல் மருதாணிதான், ஆரஞ்சு நிறம் பிடிக்கும். முதல் பனி விழும்வரை அந்த நிறம் நக நுனியில் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் முதல் காதல் கைகூடுமாம். அறுபது வயது மாமியார் நவம்பரில் நகம் வெட்டத் தயங்குகிறார், மாமனார் கண்டுகொள்வதில்லை.

பழைய விளையாட்டு ஒன்றும் உண்டு. முதல் பனியைப் பொதிந்து வேறு எதையோ போல யாருக்காவது அனுப்புவது. தெரியாமல் வாங்கிக்கொண்டால் வாங்கினவர் விருந்து வைக்க வேண்டும். கொண்டுவந்த ஆளைப் பிடித்துவிட்டால் அனுப்பினவர் வைக்க வேண்டும். 1418இல் பட்டம் துறந்த தேஜோங் மன்னர் தன் அண்ணனுக்கு மருந்து என்று சொல்லி முதல் பனியை அனுப்பினார், அண்ணன் முன்பே சூதைப் புரிந்துகொண்டு தூதனைத் துரத்தச் சொன்னார், ஆள் அகப்படவில்லை என்று அரண்மனைக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. பத்து வயதுப் பையனுக்கு இது பிடிக்கும். கொரிய மொழியில் பனிக்கும் கண்ணுக்கும் ஒரே சொல்தான், நுன்.

பேஸ்மென்ட்வாசி · நவம்பர் 17

எல்லாருக்கும் பதில் எழுதத் தாமதம், மன்னிக்கவும். சனிக்கிழமை ராத்திரி வந்தது. ஞாயிறு காலையில் கண் விழித்தால் அறையில் ஏதோ நீல வெளிச்சம், நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை. பையன் ஸ்கேலோடு ஓடி 4 சென்டிமீட்டர் என்று அறிவித்தான். செல்லும்.

அம்மா சேலைக்கு மேல் என் வீட்டுக்காரரின் ஜாக்கெட், மங்கி குல்லா, புது பூட்ஸ். கம்பியைப் பிடித்து ஐந்து படி ஏற ஐந்து நிமிஷம். மேலே நின்று குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "ஃப்ரீசரைச் சுரண்டின மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான் விமர்சனம்.

மேப்பிள் சிரப் விலையைக் கேட்டதும் அம்மா அதை வாங்க விடவில்லை. வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்டுப் பாகு காய்ச்சி, தாம்பாளத்தில் பிடித்த ஸ்னோ மேலே ஊற்றினார். பதம் ஒரு நூல் ஏறிவிட்டது போல, கிட்டத்தட்ட கமர்கட்டு. பெண்ணுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவளுக்கு ஒரே பெருமை. பையன் ஒரு டப்பாவில் ஸ்னோவை அடைத்து "நைட் ஷிஃப்ட் மருந்து" என்று எழுதி அப்பாவிடம் நீட்டினான், அவர் தூக்கக் கலக்கத்தில் வாங்கிவிட்டார், அதனால் சாயங்காலம் பீட்சா அவர் செலவு. உருண்டை நன்றாகப் பிடிக்க வந்தது, பனி விளக்கும் ஒன்று கட்டினோம், கொஞ்சம் சாய்ந்திருந்தது.

எல்லாம் முடிந்து உள்ளே வரலாம் என்றபோது அம்மா, இவ்வளவு சுத்தமான தரை கிடைத்தால் சும்மா விடுவதா என்று விரலாலேயே ஏழு புள்ளி வைத்து ஒரு கோலம் ஆரம்பித்துவிட்டார். விரல் விறைத்ததும் கோலப்பொடி கேட்டார், வெள்ளையில் வெள்ளை எங்கே தெரியும்? மஞ்சள் பொடி டப்பாவை எடுத்து வரச் சொல்லி அதிலேயே போட்டு முடித்தார். பார்க்க அவ்வளவு அழகு.

இன்று மதியம் வெயிலில் பாதி உருகிக் கோடெல்லாம் கலங்கித் திட்டுத் திட்டாக நிற்கிறது. இப்போதுதான் ஓனரிடமிருந்து மெசேஜ், ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்: நாய் எப்போது வாங்கினீர்கள், அக்ரிமென்ட்டில் அனுமதி இல்லையே என்று. கோலத்தின் போட்டோ இருக்கிறது, அனுப்பப் போகிறேன். கோலத்துக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக என்ன எழுதுவது, யாராவது சொல்லுங்கள்.